கை நனைக்காத மன்னிப்பு

ஏதோ ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் வருத்தம் தெரிவித்தது என்று பத்திரிகையில் செய்தி வந்தால் போதும், அன்று மத்தியானத்துக்குள் என் வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நிற்கும். ஒலிவாங்கியும் கையுமாக யாராவது இறங்குவார்கள். "அம்மா, பழைய கொடுமைக்கெல்லாம் நாடுங்க மன்னிப்புக் கேக்கணுமா? நீங்க என்ன சொல்றீங்க?" என்பார்கள். நான் கொஞ்சம் அழுதால் தேவலை என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்களே, அப்படிப் போனவர்களின் மனைவிமாரில் கெடா மாநிலத்தில் மெர்போக் பக்கம் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. அதனால் எனக்கு இப்போது நல்ல கிராக்கி.

நான் அழுவதில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம் சீக்கிரம் வரும். நாடு மன்னிப்புக் கேட்டதாம். நாட்டுக்கு வாய் எங்கே இருக்கிறது? கால் எங்கே இருக்கிறது? கோட்டுப் போட்ட ஒருவர் தாளைப் பார்த்து 'ஆழ்ந்த வருத்தம்' என்று வாசிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்த்து 'ஏற்றுக்கொள்கிறோம்' என்று வாசிக்கிறார். அடி பட்டவன் அங்கே இல்லை, அடித்தவனும் அங்கே இல்லை. பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். எங்கள் லயத்தில் ஒருவன் இப்படி வந்து தாளைப் படித்திருந்தால் துடைப்பக்கட்டை பறந்திருக்கும்.

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரே கூரை, நடுவில் பலகைத் தடுப்பு. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நம் வீட்டுப் பிள்ளை அழும். சண்டைக்குப் பஞ்சமே இல்லை. கோழி காணாமல் போகும், குழாயடியில் குடம் உருளும், கள்ளுக்கடையிலிருந்து வந்த ஒருவன் இன்னொருவன் பெண்டாட்டியைப் பற்றி ஏதாவது உளறிவிடுவான். அன்றிலிருந்து அந்த வீட்டில் இவர்கள் கை நனைக்க மாட்டார்கள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கல்யாணமானாலும் சாவானாலும் வாசலோடு சரி.

தப்புச் செய்தவன் சமாதானமாக நினைத்தால், பகலில் எல்லாரும் பார்க்கத் தானே அந்த வாசலுக்கு நடந்து வர வேண்டும். செய்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். 'ஏதோ நடந்துபோச்சு' என்றால் செல்லாது. 'உன் கோழியை நான்தான் பிடிச்சேன், அறுத்துத் தின்னேன்' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரி ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுப்பாள். அதை ஏந்திக்கொண்டு அவன் நிற்க வேண்டும். அவள் மனசில் கிடப்பதையெல்லாம் கொட்டி முடிக்கும்வரை குடிக்கவும் கூடாது, எதிர்த்துப் பேசவும் கூடாது. அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவாள். செம்புத் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாகிவிடும். கடைசியில் 'குடி' என்பாள். குடித்துவிட்டால் அதோடு தீர்ந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கிறவள் மேல்தான் தப்பு.

ஒரு கோழிக்கே இவ்வளவு கேட்டவர்கள் நாங்கள். மனுஷனுக்கு எவ்வளவு கேட்டிருப்போம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் வருகிறது என்று பேச்சு வந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். காலையில் எங்களையெல்லாம் நிற்க வைத்து, "பயப்பட ஒண்ணுமில்லை, போய் ஒழுங்கா மரம் வெட்டுங்க" என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி மூலமாகச் சொன்னார். ரப்பர் மரத்தில் பால் இறக்குவதைத்தான் நாங்கள் மரம் வெட்டுவது என்போம். சொன்ன அன்றைக்கே சாயங்காலம் காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். அவருடைய நாயும் காரில் போயிற்று. நாய்க்கு இடம் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை, அது நல்ல நாய். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் அந்தக் காரில் இடம் இல்லை.

பிறகு ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தான். ஆசியாக்காரர்களையெல்லாம் விடுதலை செய்ய வந்திருப்பதாகச் சொன்னான். விடுதலை செய்த கையோடு எங்கள் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போனான். துரையின் நாற்காலி காலியாகக் கிடந்ததா, கிராணி அதில் உட்கார்ந்துகொண்டார். துரைக்கு முன்னால் எப்படிக் குனிந்து நின்றாரோ அப்படியே ஜப்பான்காரன் முன்னாலும் குனிந்தார். இடுப்பு பழகிப்போயிருந்தது. எங்கள் முன்னால் நிமிர்வதும் அவருக்குப் பழகிப்போயிருந்தது.

ரப்பரை வாங்க ஆள் இல்லை. மரங்களைச் சாய்த்து மரவள்ளிக்கிழங்கு போட்டோம். சம்பளம் என்ற பேச்சே நின்றுபோயிற்று. கிழங்கும், எப்போதாவது ஒரு கிண்ணம் புழுத்த அரிசியும்தான். சேலை நைந்து, சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் மணி மட்டும் நிற்கவில்லை. விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் மணி அடிக்கும். அனைவரும் ஓடிப்போய் வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்கு வராதவனுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. இது வெள்ளைக்காரன் பழக்கிவிட்டது. மணி கேட்டால் கால் தானாக ஓடும். தூக்கத்தில்கூட ஓடும்.

என் வீட்டுக்காரர் பெரட்டில் பெயர் போனவர். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். சொல்லிப் பழக்கமில்லை, இனிமேல் பழகவும் போவதில்லை. கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை. கறுப்பாக, ஒல்லியாக, எப்போதும் பசியோடு இருப்பார். குழம்பு நன்றாக இருந்தால் சட்டியை வழித்துவிட்டு, "சட்டியத் தேய்க்க வேணாம் புள்ள, நானே தேய்ச்சிட்டேன்" என்பார். கிராணி அவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் "இருக்கேங்க!" என்று கத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள். கிராணிக்கு மட்டும் அது பிடிக்காது.

அன்றைக்கு அவருக்குக் குளிர்க்காய்ச்சல். கொசுக்கடிக்கும் பட்டினிக்கும் அந்தக் காலத்தில் காய்ச்சல் வராத வீடே கிடையாது. காலைப் பெரட்டில் தண்டலிடம் சொல்லிவிட்டு வந்து சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தண்டல் என்றால் எங்கள் வேலையை மேற்பார்வை பார்ப்பவர். நல்ல வெயில் ஏறியபிறகு, நேரமல்லாத நேரத்தில் மணி அடித்தது. காட்டில் தீப்பிடித்தால்தான் அப்படி அடிப்பார்கள். இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"படுங்க. உடம்பு கொதிக்குது" என்றேன்.

"இல்ல புள்ள. போகலன்னா பேர அடிச்சிடுவாங்க. அரை நாள் போயிடும்."

எந்த அரை நாள்? சம்பளமே இல்லாத காலத்தில் சம்பளம் வெட்டிவிடுவார்கள் என்று ஓடினார் அந்த மனுஷன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஜப்பான்காரன் துப்பாக்கியைக் காட்டிக்கூடக் கூப்பிடவில்லை. வெள்ளைக்காரன் மாட்டிவிட்டுப் போன மணியை அடித்தான், அவ்வளவுதான். வேறு ஜாதி ஜனமாக இருந்தால் மணிச் சத்தம் கேட்டுக் காட்டுக்குள் ஓடியிருக்கும். நாங்கள் ஆபீசுக்கு ஓடினோம். மலாய்க்காரர்களின் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இப்படி ஒரு மணி அடித்திருந்தால் ஒரு ஆள் வந்திருக்க மாட்டான் என்று எங்கள் பக்கத்துக் கடைக்காரச் சீனர் பிறகு சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

ஆபீஸ் வாசலில் லாரி நின்றது. துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். கிராணி சொன்னார்: "சயாம் பக்கம் ரயில் ரோட்டு வேலை. மூணே மாசம். நல்ல அரிசி, துணிமணி, எல்லாம் உண்டு. திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவாங்க." சொல்லிவிட்டுப் பெயர் கூப்பிட்டார். எங்கள் ஆண்கள் பெரட்டில் நிற்கிற மாதிரியே நின்று, பெயருக்குப் பெயர் பதில் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிடவில்லை. அவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது.

சிப்பாய் எண்ணிப் பார்த்துவிட்டு ஏதோ கத்தினான். ஓர் ஆள் குறைகிறது. அவன் கண், கிராணிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற ஒருவன் மேல் விழுந்தது. அவன் கிராணியின் மச்சினன். ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரில் தராசு பிடித்துக்கொண்டு, நல்ல சாப்பாட்டில் உருண்டையாக இருந்தவன். கிராணி சட்டென்று அவனை ஆபீசுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். திரும்பிப் பார்த்தார். கண்ணில் பட்டது என் வீட்டுக்காரர். பெயரைக் கூப்பிட்டார்.

காய்ச்சலிலும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. "இருக்கேங்க" என்று எழுந்துவிட்டார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

நான் ஓடிப்போய்க் கிராணியின் காலைப் பிடித்தேன். "ஐயா, அவருக்குக் காய்ச்சலுங்க. தொட்டுப் பாருங்க. சரியானதும் நானே கூட்டிக்கிட்டு வர்றேன்."

"லாரில காத்துப் பட்டா காய்ச்சல் போயிடும், போ புள்ள" என்றார்.

இதைத்தான் சொன்னார். தோட்டமே கேட்டுக்கொண்டு நின்றது. லாரி சுங்கை பட்டாணி ரயில் நிலையத்துக்குப் போயிற்று. அங்கிருந்து ரயில் குருண் வழியாக வடக்கே போய்விட்டது. நான் போட்டுவிட்ட சாக்கு அவர் தோளில் இருந்தது. அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

கொஞ்ச நாளில் இன்னொரு கூத்தும் நடந்தது. எங்கள் கெடாவை ஜப்பான்காரன் தூக்கிச் சயாமுக்குக் கொடுத்துவிட்டான். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன், நாடு மாறிவிட்டது என்றார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆக, எனக்கு மன்னிப்புச் சொல்ல வேண்டிய நாடுகள் என்று பார்த்தால் குழாயடியைவிட நீளமான வரிசை. ஓடினவன், பிடித்தவன், வாங்கிக்கொண்டவன், திரும்பி வந்து ஒன்றுமே நடக்காதது போல மணி அடித்தவன். எல்லாருக்கும் செம்பு எடுத்துக் கொடுக்க என் வீட்டில் பாத்திரம் போதாது.

யுத்தம் முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். செமிலிங் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், கால் புண்ணாகி எலும்பு தெரிய வந்தவர், என்னைத் தேடி வந்தார். "ஒரே ரயில்லதான் போனோம் தங்கச்சி. இறங்கி நடக்கிற வரைக்கும் பாத்தேன். அப்புறம் ஆளப் பிரிச்சிட்டான். எல்லாக் கேம்ப்புலயும் காலரா. அவருக்கு என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மனசு வரல" என்றார். அவர் உள்ளே வந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனார்.

சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். செத்த நாள் தெரியாவிட்டால் என்ன, அமாவாசை பார்த்துத் திதி கொடுத்துவிடலாம், தாலியைக் கழற்றிவிடலாம், வயசுப் பெண், வேறு இடம் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு அந்த யோசனை பிடிக்காமல் இல்லை. நான் ஒன்றும் கல்லு இல்லையே. ஆனால் ஒன்று சொன்னேன். "அனுப்பினவரு வந்து சொல்லட்டும். காய்ச்சக்காரன்னு தெரிஞ்சே, என் மச்சினனுக்குப் பதிலா உன் புருஷன அனுப்பினேன், அவன் வரமாட்டான்னு என் வாசல்ல வந்து சொல்லட்டும். அன்னைக்கே கழட்டுறேன்." தானாக இற்றுப்போன மாதிரி நான் அதைக் கழற்றிப் போட மாட்டேன். அது தானாக இற்றுப்போகவில்லை.

கிராணி மறுபடியும் பழைய நாற்காலியில் இருந்தார். புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரைக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டுமே. ஆனால் லயத்தில் முணுமுணுப்பு இருந்தது. அதற்காக மாரியம்மன் கோயிலில் பெரிய பூசை போட்டார். சர்க்கரைப் பொங்கல் வைத்தார். எல்லாரும் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பேசினார்: "கெட்ட காலம், எல்லாருக்கும் கஷ்டம். எனக்கும் கஷ்டந்தான். யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சிக்கணும். பழச மறப்போம்."

பிற்காலத்தில் பெரிய பெரிய நாட்டுத் தலைவர்கள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொங்கல் ஞாபகம்தான் வருகிறது. எழுதிக் கொடுத்தது எங்கள் கிராணிதானோ என்று சந்தேகமாக இருக்கும்.

நான் இலையைக் கீழே வைத்துவிட்டேன். "ஐயா, இங்க வேணாங்க. வீட்டுக்கு வாங்க, தண்ணி தர்றேன்" என்றேன்.

"வர்றேம்மா, வர்றேன்" என்றார்.

வரவில்லை. லயத்து வீட்டில் தண்ணீர் குடிக்கிற வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது, அது ஒரு சாக்கு. இன்னொன்றும் நடந்தது. அவருடைய சைக்கிள் ஆபீசுக்குப் போகும் நேர்வழி என் வாசல் வழியாகத்தான். பூசைக்கு மறுநாளிலிருந்து அவர் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீட்டைச் சுற்றிக்கொண்டு, சேற்றிலும் மேட்டிலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். வேலையை விட்டு ஓய்ந்து, சுங்கை பட்டாணியில் வீடு கட்டிக்கொண்டு போகும்வரை அப்படித்தான் போனார். மழைக்காலத்தில் கணுக்கால்வரை சேறு. அவ்வளவு பெரிய மனுஷனைச் சுற்ற வைத்தது ஒரு செம்புத் தண்ணீர். அதன் அருமை அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம்.

காலம் போயிற்று. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. நான் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்து ஓய்ந்து, இன்றைக்கும் அதே லய வீட்டில் இருக்கிறேன். ஒரு தடவை ஜப்பானிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. சுங்கை பட்டாணி மண்டபத்தில் விழா. என்னை முன் வரிசையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். மேடையில் முழங்கியவர் யார் தெரியுமா? கிராணியின் மகன். இப்போது சமூகத்தில் பெரிய புள்ளி. அப்பா கட்டிய வீட்டில்தான் இருக்கிறார்.

"அப்போது நாங்கள் பிறக்கவே இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்கள்! அப்பனின் சொத்தை வாங்கிக்கொள்ளும் பிள்ளை அப்பனின் பாவத்தையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்!" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். பேச்சில் ஒரு குறையும் இல்லை.

ஜப்பான்காரர்கள் வரிசையாக நின்று குனிந்தார்கள். தாள் வாசித்தார்கள். அப்புறம் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் என் வீட்டுப் பக்கம் வந்தார்கள். படம் எடுக்கிறவர்கள் முன்னால் ஓடினார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கையில் இருந்தது. நான் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து கிராணி மகனிடம் நீட்டினேன்.

"இருக்கட்டும்மா, என்கிட்ட இருக்கு" என்று பாட்டிலைக் காட்டினார்.

"இது வேற தண்ணி தம்பி" என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். மணி, காய்ச்சல், ஆபீஸ் கதவு, மச்சினன். அவர் முகம் சுருங்கியது. அந்த மச்சினன் அவருக்குத் தாய்மாமன் அல்லவா.

"அதெல்லாம் பழைய கதைம்மா. அப்பா செத்தே எவ்வளவோ காலமாச்சு. நான் என்ன செய்ய முடியும்? நான் அப்பப் பொறக்கவே இல்லையே."

"காலையில மேடையில நல்லாச் சொன்னீங்களே தம்பி. அதையே இங்க ஒருக்கா சொல்லிட்டுக் குடிங்க" என்றேன்.

"தாகமில்லம்மா" என்றார். உச்சி வெயில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒரு ஜப்பான் கிழவர் இருந்தார். யுத்தத்தில் சிப்பாயாக இருந்தவர் அவர் ஒருவர்தான், மற்றவர்களெல்லாம் சின்னப் பிள்ளைகள். இது என்ன தகராறு என்று மொழிபெயர்க்கிற பெண்ணிடம் கேட்டார். அவள் மெதுவாக விளக்கினாள். அவர் என் கையிலிருந்து செம்பை வாங்கினார். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தில் சிந்தியது. நான் திட்டுவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் செம்பைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"சொல்ல வேண்டியது அவருக்கு இருக்காம். சொல்ல முடியலையாம். அதனால குடிக்கக் கூடாதாம்" என்றாள் அந்தப் பெண்.

குனிந்துவிட்டுப் போய்விட்டார். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தச் செம்பு எதற்கு என்று புரிந்துகொண்ட ஒரே ஆள் எதிரியாக வந்தவன்தான் என்பதை எண்ணி அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாடுகள் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும், தாளும் மேடையும் அவர்களுடையது. என் வாசலும் செம்பும் என்னுடையது. பகலில் வந்தால் நான் வீட்டில்தான் இருப்பேன். தாலி இன்னும் கழுத்தில்தான் கிடக்கிறது, கயிற்றை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

கிராணி மகன் தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வருகிறார். கோயிலுக்கு நேர்வழி என் வாசல் வழியாகத்தான், இப்போது தார் போட்டிருக்கிறார்கள். அவருடைய பெரிய கார் அந்த வழியில் வருவதில்லை. பழைய புகைவீடு இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, அந்தச் சேற்றில் குலுங்கிக் குலுங்கிப் போகிறது.